மோட்டார் அறையில் நான்கு நொடிகள்

அத்தியாயம் 11

காலை ஏழரை மணிக்கே பெரியப்பா வந்துவிட்டார். சொல்லாமல் வருவது அவருக்குப் புதிதல்ல. அழைப்பு மணியை அடிக்காமல் வந்ததுதான் புதிது.

ரேடியோ தலையைத் துவட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது, அவர் சாப்பாட்டு மேசையில் அவளுடைய கேமராப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ரேடியோ என்று அவளுக்குப் பெயர் வைத்ததே அவர்தான். மூன்று வயதில் வாய் ஓயாமல் பேசியவளுக்கு வைத்த பெயர், இருபது வயதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் ஊடகத் தொடர்பியலில் இளங்கலை சேர்ந்தபோது, "ரேடியோவுக்கு வேற எந்தப் படிப்பு பொருந்தும்?" என்று சிரித்து, அந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஏழு வாரங்களுக்கு முன், எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் ஆறாம் மாடியிலிருந்து கீழே போய் மோதியதையும், உள்ளே இருந்த தண்ணீர் கேன் போடுகிறவர் இறந்துபோனதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த லிஃப்டைப் பராமரித்தது பெரியப்பாவின் நிறுவனம். அங்கே பத்தொன்பது வருடமாக மெக்கானிக், ரேடியோவின் அப்பா. அந்த விபத்தைத்தான் இறுதியாண்டுப் படமாக எடுக்கப் போகிறேன் என்று அவள் சொன்னதும் அம்மா கூடவே கூடாது என்றாள். அப்பா வாயே திறக்கவில்லை. பெரியப்பா மட்டும், "எடுக்கட்டும். நம்ம பக்கத்து நியாயத்தை நம்ம பொண்ணே சொல்லட்டுமே" என்றார்.

அந்தப் பெரியப்பாதான் இப்போது ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

"கேமராவைக் குடும்மா. சர்வீஸுக்கு விட்டுத் தர்றேன். லென்ஸ்ல தூசி உட்கார்ந்திருக்கு பாரு."

"இன்னைக்கு முடியாது பெரியப்பா. மூணு மணிக்கு என் படத்தைப் போடறாங்க. வெளியில இருந்து தேர்வாளர் வர்றாரு."

"படம்தான் முடிஞ்சிருச்சே. இனிமே கேமரா எதுக்கு?"

அவள் ஈரத் துண்டை நாற்காலியில் போட்டாள்.

"பெரியப்பா கேட்டா குடுத்துடேண்டி," என்றாள் அம்மா, மருந்துக்கடைக்குப் போடும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டபடியே. "அவர் நல்லதுக்குத்தானே சொல்றாரு."

"சரி, அவளை விடு," என்று பெரியப்பா கையை அமர்த்தினார். "ஏன் ரேடியோ, மேல மோட்டார் ரூம் வரைக்கும் ஏறினியாமே? நேத்து உங்கம்மா போன்ல பெருமையாச் சொன்னா. அங்க எடுக்கறதுக்கு என்ன இருக்கு, ஒரே கிரீஸு!"

"ஆமா பெரியப்பா. விபத்து நடந்து ரெண்டாவது நாள் வாட்ச்மேன் கூட்டிட்டுப் போனாரு."

"ரெண்டாவது நாளா?" அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "எடுத்ததெல்லாம் இந்தக் கேமராலதான் இருக்கா, இல்ல வேற எங்கயாவது ஏத்தி வெச்சிருக்கியா?"

சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"காலேஜ் கம்ப்யூட்டர்ல இருக்கு. எல்லாமே."

ஜிப் பாதியில் நின்றது.

"நல்லது. ஜாக்கிரதையான பொண்ணு." எழுந்தார். வழக்கம்போல அவள் தலையில் கை வைத்தார். கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் அங்கேயே இருந்தது. "மூணு மணிதானே? பார்ப்போம்."

அவர் போனபிறகு பையைத் திறந்து பார்த்தாள். கேமராவில் மெமரி கார்டு இல்லை.

*

கல்லூரியின் எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் பகலா இரவா என்று தெரியாது. முக்காலி ஏற்கெனவே அங்கே இருந்தாள். ரேடியோவின் வகுப்புத் தோழி, படத்துக்குக் கேமரா பிடித்தவள். நெடுநெடுவென்று ஆறடிக்கு வளர்ந்து, எந்நேரமும் தோளில் கேமரா ஸ்டாண்டைச் சுமந்து திரிவதால் அந்தப் பெயர்.

"உங்க பெரியப்பா கார்டை எடுத்துட்டாரா? நிஜமாவா?" முக்காலிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ரேடியோவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. "எதுக்குடி?"

"தெரியல. மோட்டார் ரூம் பத்திக் கேட்டாரு. அந்த ஷாட்டைப் போடு."

மொட்டை மாடியில் இருக்கும் சின்ன அறை அது. மோட்டார், பிரேக், ஒரு மின்விசிறி, சுவரில் எண்ணெய்க் கறை. படத்தில் நாற்பது நொடி வருகிறது. கேமரா மெதுவாக மோட்டாரிலிருந்து திரும்பிச் சுவரைக் கடந்து கதவுக்குப் போகும். ரேடியோ முப்பது தடவையாவது பார்த்திருப்பாள். பார்த்தாளே தவிர, படிக்கவில்லை.

"நிறுத்து. பெருசு பண்ணு."

சுவரில் ஆணியில் ஓர் அட்டை தொங்கியது. லிஃப்டைச் சோதித்த மெக்கானிக் மாதாமாதம் எழுதி மாட்ட வேண்டிய பராமரிப்பு அட்டை. பிரேக், கயிறு, எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் நேராக டிக் போட்டிருந்தது. தேதி பதினான்கு. நேரம் காலை பதினொன்று. கீழே ஒரு கையெழுத்து.

அதைப் படிக்க ரேடியோவுக்குப் பெரிதாக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுடைய மதிப்பெண் அட்டைகளில் எல்லாம் இருந்த, அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் சுருண்டு, திரும்பி வந்து முதல் எழுத்தைத் தொடும்.

"இந்த அட்டை தொலைஞ்சு போச்சுன்னுதானே உங்க பெரியப்பா விசாரணையில எழுதிக் குடுத்திருக்காரு?" முக்காலியின் குரல் இறங்கியது. "நம்ம படத்துலயே அதைச் சொல்றாரே!"

சொல்கிறார்தான். 'அட்டை இருந்திருந்தா எல்லாம் தெளிவாயிருக்கும், யாரோ எடுத்துட்டாங்க' என்று கேமராவைப் பார்த்து வருத்தப்படுகிறார். அவர் பேசி மூன்று நிமிடம் கழித்து, அதே படத்தில், அதே அட்டை சுவரில் தொங்குகிறது. இத்தனை நாளாக இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

ரேடியோவுக்கு இடித்தது வேறு ஒன்று. பதினான்காம் தேதி.

விபத்து நடந்த அதே மாதம் 'ஒருவர், ஒரு நாள்' என்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரே ஆளை விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை படம் எடுக்க வேண்டும். அப்பா அன்று விடுமுறை போட்டுவிட்டு அவளுக்காக வீட்டிலேயே இருந்தார். அந்தக் கோப்பைத் தேடித் திறந்தாள். திரையில் அப்பா ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இன்னைக்கு ஒரு நாளாவது லிஃப்ட் முகத்துல முழிக்காம இருக்கேனே, அதுவே பெரிய விஷயம்!" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

கோப்பின் ஓரத்தில் தேதி பதினான்கு என்றிருந்தது. நேரம் பதினொன்று நான்கு.

லிஃப்ட் விழுந்தது பத்தொன்பதாம் தேதி. அட்டை வெளியே வந்தால், பதினான்காம் தேதி அந்த லிஃப்டை அப்பா சோதிக்கவே இல்லை என்பதும் வெளியே வந்துவிடும்.

"டிபார்ட்மென்ட் மேடம்கிட்ட போயிடலாம்," என்றாள் முக்காலி.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்காமயா?"

ரேடியோ பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

*

அப்பா அன்று இரண்டு தெரு தள்ளி ஒரு குடியிருப்பில் வேலையாக இருந்தார். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. அதை முதல் மாடியில் நிறுத்தியிருந்தார்கள். கீழே ஆளுயரக் குழியில், அத்தனை கனத்துக்கு நேர் அடியில், அப்பா டார்ச்சுடன் குனிந்திருந்தார். அவர் தலை தரை மட்டத்துக்குக் கீழே இருந்தது.

"அப்பா."

நிமிர்ந்தார். "நீ எங்கம்மா இங்க? மஞ்சக் கோட்டைத் தாண்டாத. அங்கயே நில்லு."

அவள் கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த கேள்வி, வேறு மாதிரியாக வெளியே வந்தது.

"பதினாலாம் தேதி நீங்க அந்தக் கட்டடத்துக்குப் போனீங்களா?"

"அன்னைக்குப் பூரா நீதானே என்னைப் படம் எடுத்துட்டு இருந்தே."

"அட்டையில உங்க கையெழுத்து இருக்கு."

டார்ச் வெளிச்சம் சுவரில் ஒரே இடத்தில் நின்றது.

"அட்டை இருக்கா?" என்றார் கடைசியில். "அண்ணன் இல்லேன்னு சொன்னாரே."

"என் படத்துல இருக்கு."

அப்பா குழிக்குள்ளேயே ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். டார்ச்சை அணைத்துவிட்டுப் பேசினார். அவளைப் பார்த்துப் பேசவில்லை.

"மாசம் பொறந்தா ஒரு கட்டு அட்டையை என் முன்னாடி வைப்பாரு. எல்லாம் காலி அட்டை. 'போட்டு வைடா தம்பி, ஆள் பத்தல, யாராவது போய்ப் பார்த்துட்டு மத்ததை எழுதிக்குவாங்க'ம்பாரு. அண்ணன் சொல்றாரேன்னு போட்டேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"யாராவது போய்ப் பார்த்தாங்களா?"

"நான் கேட்கல." உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். கிரீஸ் கன்னத்தில் அப்பியது. "கேட்டிருக்கணும்."

மேலே எங்கோ ஒரு வீட்டில் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. ரேடியோ அனிச்சையாக லிஃப்டின் அடிப்பாகத்தை அண்ணாந்து பார்த்தாள். அது அசையவில்லை.

"அந்த அட்டை எவ்வளவு நேரம் வருது?"

"நாலு செகண்ட்."

"நாலு செகண்ட்தானா?" அவர் விரலால் சட்டத்தைச் சுரண்டினார். "அது இல்லேன்னா படம் கெட்டுப் போயிடுமா?"

அப்பா அவளிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. தண்ணீர்கூடத் தானே எழுந்து போய் எடுத்துக் குடிக்கிற மனிதர்.

"கெடாதுப்பா," என்றாள்.

*

இரண்டு மணிக்கு அவள் அந்த நான்கு நொடிகளை வெட்டினாள். கேமரா மோட்டாரில் இருந்தது. அடுத்த கணம் கதவுக்குப் போனது. நடுவில் சுவரே இல்லை.

முக்காலி பின்னால் நின்று பார்த்தாள். சண்டை போடவில்லை. "உன் படம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நாலு அறை விட்டிருந்தால்கூட ரேடியோவுக்கு இத்தனை வலித்திருக்காது.

மூன்று மணிக்குத் திரையிடல் அறை நிறைந்திருந்தது. முன் வரிசையில் துறைத் தலைவி மேடம். அவருக்குப் பக்கத்தில் வெளித் தேர்வாளர், செய்தி நிறுவனங்களில் முப்பது வருடம் ஒலிப்பதிவு செய்தவர். சின்ன உருவம். விளக்கை அணைத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

படத்தின் முதல் வரி மேடம் சொல்லி எழுதியது: 'இந்தப் படத்தை எடுத்தவரின் தந்தையும் பெரியப்பாவும் இந்த லிஃப்டைப் பராமரித்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்.' முதலாண்டு வகுப்பிலிருந்து தலைகீழாகப் பாடம் பண்ணிய விதி அது. எடுக்கிறவருக்கும் விஷயத்துக்கும் உறவு இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். நேற்றுவரை அந்த வரியை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இறந்துபோனவரின் மனைவி திரையில் வந்தார். கையில் ஒரு துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே பேசினார்.

"லிஃப்ட்டுன்னாலே அவருக்குப் பயம். ரெண்டு ரெண்டு கேனா படியிலதான் தூக்கிட்டுப் போவாரு. அன்னைக்கு முழங்கால் வீங்கிப் போயிருந்துச்சு. நான்தான் சொன்னேன், இன்னைக்கு ஒரு நாள் லிஃப்ட்லதான் போங்களேன்னு."

துண்டை மறுபடி மடித்தார்.

பிறகு பெரியப்பா வந்தார், வருத்தப்பட்டார். பிறகு மோட்டார் அறை. ரேடியோ திரையைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்குகள் எரிந்தன, கைதட்டல் எழுந்தது. தேர்வாளர் கண்ணைத் திறந்தார்.

"நல்லா எடுத்திருக்கேம்மா. அந்தம்மாவைக் குறுக்க பேசாம பேச விட்டே பாரு, அது பெரிய விஷயம்." காகிதத்தில் ஏதோ குறித்தார். "ஒரே ஒரு சந்தேகம். மோட்டார் ரூம்ல ஒரு ஃபேன் ஓடுது. சத்தம் சீரா வந்துட்டே இருக்கு, திடீர்னு ஒரு படி தாவுது. நடுவுல எதையோ எடுத்திருக்கே. என்ன அது?"

"நேரம்... நேரம் கூடுதலா இருந்துச்சு சார்."

"இருபது நிமிஷம் உங்களுக்கு அனுமதி. படம் பத்தொன்பது நிமிஷம் அம்பத்தாறு செகண்ட்தான் ஓடியிருக்கு." அவர் குரலில் கடுமை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நாலு செகண்ட் மிச்சம் இருக்கேம்மா."

ரேடியோ வாயைத் திறந்தாள். வாய் ஓயாத ரேடியோவுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. மேடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை எடுக்கச் சொன்னது நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரமாக அப்பா நின்றிருந்தார். வேலைச் சட்டையிலேயே வந்திருந்தார். கன்னத்தில் கிரீஸ் அப்படியே இருந்தது. எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"அங்க ஒரு அட்டை இருந்துச்சு. அதுல இருக்கறது என் கையெழுத்து. அந்தத் தேதியில நான் அந்தக் கட்டடத்துப் பக்கமே போகல." மூச்சு வாங்கினார். "பிள்ளை மேல தப்பு இல்லீங்க. அப்பன் கேட்டானேன்னு பண்ணிடுச்சு."

ரேடியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் ஓடினாள். "எதுக்குப்பா வந்தீங்க?"

"நீ போன பிறகு அந்தக் குழியை விட்டு என்னால ஏற முடியலம்மா." இப்போது அவளிடம் மட்டும் பேசினார், தணிந்த குரலில். "உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இந்த மாசம் மட்டும் பதினாறு அட்டை போட்டுக் குடுத்திருக்கேன். பதினாறு கட்டடம். ஒன்னு பள்ளிக்கூடம். இப்ப இந்த நிமிஷம் எதுல யார் ஏறிட்டு இருக்காங்களோ!"

இதுவரை அவள் நினைத்ததெல்லாம் நடந்து முடிந்த ஒரு விபத்தைப் பற்றித்தான்.

*

மேடம் நேரத்தை வீணாக்கவில்லை. மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, விசாரணை அலுவலகத்துக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"போன்ல கிடைக்கறவரைக்கும் காத்திருக்க வேண்டாம்," என்றார் தேர்வாளர். "இவர் சொல்றதை இப்பவே பதிவு பண்ணிடுங்க. பதினாறு விலாசத்தையும் சேர்த்து. நான் சாட்சியா உட்கார்றேன்."

துறையின் கேமரா வந்தது. பேசுகிறவரிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தை ரேடியோ நீட்டினாள். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம்தான். அவருக்கு ஆறு நிமிடம் பிடித்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தார். அண்ணன். அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ரேடியோ அவர் காலரில் மைக்கைக் குத்தினாள். அது கோணலாக நின்றது. அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, தானே சரியாகக் குத்திக்கொண்டார்.

"முகத்துல நிழல் விழுது," என்று முணுமுணுத்தபடி முக்காலி ஜன்னல் திரையை விலக்கப் போனாள். மத்தியானத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா பேச ஆரம்பித்தார்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன்..."

ஜன்னலருகே முக்காலி அசையாமல் நின்றாள். சத்தம் போடாமல், விரலால் மட்டும் ரேடியோவைக் கூப்பிட்டாள்.

கீழே கல்லூரி வாசலுக்கு வெளியே பெரியப்பாவின் சாம்பல் நிறக் கார் நின்றிருந்தது. அவர் அதன் மேல் சாய்ந்து, இந்த மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் அம்மா, மருந்துக்கடை வெள்ளைக் கோட்டோடு. அவளுக்கு வேலை முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மடியில் ஒரு பூங்கொத்து. மகளுக்குப் பாராட்டு என்று சொல்லி அழைத்து வந்திருப்பார்.

அம்மா ஜன்னலில் ரேடியோவைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் மலர, கையை வெளியே நீட்டி ஆட்டினாள்.

பெரியப்பா கையை ஆட்டவில்லை. போனைக் காதில் வைத்தார். ரேடியோவின் பையில் அவளுடைய போன் அதிரத் தொடங்கியது.

பின்னால் அப்பா முதல் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவதற்குப் போனார். குரல் இப்போது தடுமாறவில்லை. போனை எடுத்துப் பேசினால் பதிவு கெடும். கெட்டால், இன்னொரு தடவை அவரால் இதைச் சொல்ல முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் எடுக்கவில்லை. அதிர்வு நின்றது.

பெரியப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு கணம் அவளையே பார்த்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். பிறகு சுற்றிக்கொண்டு போய்க் காரில் ஏறினார்.

கார் உள்ளே வரவில்லை. அம்மாவை இறக்கிவிடாமல், வாசலிலேயே வட்டமடித்துத் திரும்பியது. அம்மாவுக்கு இன்னும் எதுவும் புரிந்ததாகத் தெரியவில்லை. கார் தெருமுனையில் மறைகிறவரை, அவள் கை வெளியே ஆடிக்கொண்டே இருந்தது.